ஆறப் பொறுத்த சவுரி

(மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன், விம்கோ நகர்)



பெண்களின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா, இல்லையா என்று பாண்டிய ராஜாவுக்கு ஒரு சந்தேகம் வந்ததும், அதற்காகத் தருமி, நக்கீரர், சிவபெருமான் என்று பெரிய பெரிய ஆட்களெல்லாம் மல்லுக்கு நின்றதும் நாம் அறிந்த கதை. எனக்கு வந்த சந்தேகம் அவ்வளவு பெரிதல்ல. கடையில் வாங்கிய நைலான் சவுரிக்குச் சுருள் வருமா, வராதா? வந்தால் நிற்குமா? இதைத் தீர்க்க நெற்றிக்கண் தேவைப்படவில்லை. ஆனாலும் கொஞ்சம் எரியத்தான் எரிந்தது. என் விரலும், அம்மாவின் சவுரியும்!

மெக்கானிக்கல் படிக்கிற பையன் மலருக்குக் கட்டுரை எழுதச் சொன்னால் சவுரியைப் பற்றி எழுதுகிறானே என்று சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். "இன்னா மச்சி, பார்லர் வைக்கப் போறியா?" என்று என் பெஞ்சுக்காரன் கேட்டு முடித்து ஒரு வருடமாகிறது. ஆனால் லேபில் நான் படித்த பாடம் எனக்கு உண்மையில் புரிந்த இடம் எங்கள் வீட்டுச் சமையல்கட்டுதான். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் வீடு விம்கோ நகரில். 1923-இல் தொடங்கிய வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனியின் சுருக்கம்தான் விம்கோ. தீப்பெட்டியின் பெயரைத் தாங்கி நிற்கிற ஊர் நம் ஊர். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் ரயில். எந்நேரமும் உப்புக் காத்து. அந்தக் காத்தில் என் அம்மாவின் சுருட்டை முடி பஞ்சு மாதிரி உப்பிக்கொள்ளும். "எண்ணெய் வெச்சி வாரினாலும் அடங்க மாட்டேங்குதே" என்று அவள் அலுத்துக்கொள்வாள். அலுத்துக்கொள்வாளே தவிர, உள்ளுக்குள் பெருமைதான். தெருவில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். "சுருட்டை" என்றால் அது எங்கள் அம்மா.

நான் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது அம்மாவுக்கு டைபாய்டு வந்தது. மூன்று வாரம் படுத்த படுக்கை. எழுந்து நடமாடி, அப்பாடா என்று நாங்கள் மூச்சு விட்ட பிறகு, மூன்றாம் மாதத்தில் முடி கொட்ட ஆரம்பித்தது. சீப்பில் கொத்து, தலையணையில் கொத்து, குளித்த இடத்தில் கொத்து. டாக்டரிடம் ஓடினோம். அவர் பதறவில்லை. கடும் காய்ச்சலுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து இப்படிக் கொட்டுவது உண்டு, வேர் சாகவில்லை, ஆறு மாதம் ஒரு வருடத்தில் திரும்ப முளைக்கும் என்றார். அவர் சொன்ன விளக்கம் எனக்கு இப்படிப் புரிந்தது: சாதாரணமாக முடிகள் ஷிப்ட் போட்டு வேலை செய்கின்றன. பெரும்பாலானவை வளரும்போது கொஞ்சம் மட்டும் ஓய்வெடுக்கும். காய்ச்சலின் அதிர்ச்சியில் ஏராளமான முடிகள் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விட்டன. சங்கு ஊதியதும் கேட்டை விட்டு எல்லோரும் ஒன்றாக வெளியே வருவதுபோல!

விளக்கம் புரிந்தது. ஆனால் அம்மாவின் பின்னல் எலிவால் ஆகிவிட்டதே! அவள் கடைக்குப் போவதை நிறுத்தினாள். தலையில் எப்போதும் முந்தானை. வெள்ளிக்கிழமை வடிவுடையம்மன் கோயிலுக்குக்கூட "நீ போய்ட்டு வா" என்றாள்.

இதில் ஒரு கூத்து கேளுங்கள். உதிர்ந்த முடியையெல்லாம் அம்மா ஒரு கவரில் சேர்த்து வைத்திருந்தாள். தெருவில் முடிக்குச் சாமான் கொடுக்கிறவர் வந்தபோது அதைக் கொடுத்து ஒரு பிளாஸ்டிக் குடம் வாங்கினாள். அடுத்த மாதம், பெரியம்மா மகளுக்கு வண்ணாரப்பேட்டையில் வளைகாப்பு என்று சொல்லி வந்ததும், சீட்டுப் பணத்தில் ஒரு நைலான் சவுரி வாங்கினாள். ஆக, சொந்த முடியைக் கொடுத்து பிளாஸ்டிக் குடம். காசைக் கொடுத்து பிளாஸ்டிக் முடி!

தேரடிப் பக்கம் ஒரு கடையில் வாங்கிய அந்தச் சவுரி கருகருவென்று, நேர்கோடு மாதிரி, மீன் தோலைப் போலப் பளபளவென்று இருந்தது. அம்மாவின் சுருட்டையோடு சேர்த்துப் பின்னினால் மேலே செம்மறி ஆடு, கீழே குதிரை வால். கண்ணாடியில் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவிழ்த்துச் சுருட்டி அலமாரியில் வைத்துவிட்டு, "நான் வரல. எல்லாரும் தலையப் பாத்துட்டுத் துக்கம் விசாரிப்பாங்க" என்றாள். சொந்த அக்கா மகளின் வளைகாப்பு. சின்ன வயதில் அந்த அக்காவைத் தூக்கி வளர்த்தவளே அம்மாதான்.

வளைகாப்புக்கு எட்டு நாள் இருந்தது. எனக்கு வீரம் வந்துவிட்டது. பக்கத்து வீட்டு அக்காவிடம் முடி சுருட்டுகிற மெஷினைக் கடன் வாங்கினேன். அம்மா மதியம் தூங்கும்போது சவுரியின் நுனியை அதில் சுற்றினேன். புஸ் என்று ஒரு சத்தம், ஒரு கெட்ட வாடை. அடுத்த விநாடி நுனி மொத்தமும் உருகி, மெஷினோடு தார் மாதிரி ஒட்டிக்கொண்டது. பிடுங்கப் போன விரலிலும் ஒட்டியது. உருகிய நைலான் தோலில் பட்டால் லேசில் விடாது நண்பர்களே! கையைத் தண்ணீருக்கடியில் நீட்டிக்கொண்டு நின்றபோது அம்மா எழுந்து வந்து பார்த்தாள். நான் திட்டு விழும் என்று தலையைக் குனிந்தேன். அவள் முதலில் என் விரலைப் பார்த்தாள். பிறகு சவுரியைப் பார்த்தாள். "கால் முழம் தானே போச்சு. வுடு" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. ஏன் உருகியது? அந்த மெஷின்கள் 200 டிகிரி வரை போகும். நைலான் 6 சுமார் 220 டிகிரியில் உருகுகிற சாமான். அதற்கு முன்பே இளகிக் குழைந்துவிடும். நம் தலைமுடி உருகாது; அதிகச் சூட்டில் கருகும். மெஷினைச் செய்தவன் நம் முடிக்காகச் செய்தான். நான் கொண்டுபோய் நைலானை வைத்தேன். பொருளைத் தெரிந்துகொள்ளாமல் உலையில் போட்டது என் தப்பு. முதல் வருடத்திலேயே மெட்டீரியல் என்ன என்று கேள் என்றுதானே சொல்லிக் கொடுத்தார்கள்!

ஒரு நல்லது நடந்திருந்தது. உருகிய இடத்துக்கு மேலே வெட்டியதில், உருகாத துண்டு ஒரு கொத்து கிடைத்தது. ஆஹா, டெஸ்ட் பீஸ்!

முதலில் அது என்ன நார் என்று பார்த்தேன். ஒரே ஓர் இழையை இடுக்கியில் பிடித்து, தீக்குச்சி கொளுத்திக் காட்டினேன். (விம்கோ நகர்க்காரனுக்குத் தீக்குச்சிக்குப் பஞ்சமா?) நிஜ முடியாக இருந்தால் இறகு கருகுகிற நாற்றம் வந்து, சாம்பலைத் தேய்த்தால் பொடியாகும். இது சுருண்டு உருகிக் கெட்டியான மணியாக நின்றது. செயற்கை நார்தான். ஆனால் நைலானா, பாலியஸ்டரா? கடைக்காரர் சொன்னதை மட்டும் நம்பலாமா? அதற்கு ஒரு டம்ளர் தண்ணீரில் உப்பைக் கரைகிற மட்டும் கரைத்தேன். அந்தக் கரைசலின் அடர்த்தி ஏறக்குறைய 1.2. நைலானின் அடர்த்தி 1.14, பாலியஸ்டர் 1.38. இழையைச் சின்னதாக நறுக்கி, காற்றுக் குமிழி ஒட்டாதபடி நனைத்துப் போட்டேன். மிதந்தது. நைலான்! வெறும் தண்ணீரில் போட்டால் மூழ்கியது. அன்றைக்கு நான் துள்ளிய துள்ளலைப் பார்த்து எங்கள் ஆயா, "பையனுக்கு இன்னா ஆச்சு?" என்று கேட்டாள்.

அடுத்தது சூடு. மெஷின் வேண்டாம், வெந்நீர் போதும் என்று முடிவு செய்தேன். திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் போகாது. நாம் கவனிக்க மறந்தாலும் அது எல்லை தாண்டாது. சூட்டுக்கு இதைவிட நல்ல காவல்காரன் யார்? நைலானை உருக்க அது போதாது, இளக்கப் போதும்.

பிறகு சுருளின் அளவு. அம்மாவின் உதிர்ந்த முடி ஒன்றை ஈரமாக்கி, காகிதத்தில் வைத்து அளந்தேன். வளையம் சுமார் 10 மில்லிமீட்டர். ஒர்க்‌ஷாப்பில் ஸ்பிரிங் சுற்றியவர்களுக்குத் தெரியும்: எந்த அளவு ஸ்பிரிங் வேண்டுமோ, அதைவிடச் சின்ன கம்பியில் சுற்ற வேண்டும், விட்டதும் அது கொஞ்சம் விரியும். முடியும் ஸ்பிரிங்தானே? ஸ்கிராப் டப்பாவிலிருந்து, சாரிடம் கேட்டுவிட்டுத்தான், 8 மில்லிமீட்டர் அலுமினியக் குழாய்த் துண்டுகள் எடுத்து வந்தேன். ஓரத்துப் பிசிறை அரத்தால் ராவினேன். இல்லாவிட்டால் இழை மாட்டிக் கிழியும்.

டெஸ்ட் பீஸை நனைத்து, குழாயில் சுற்றி, நூலால் கட்டி, அடுப்பிலிருந்து இறக்கிய வெந்நீரில் அரை நிமிடம் முக்கி எடுத்தேன். என்ன ஆச்சு என்று பார்க்கிற அவசரம். உடனே அவிழ்த்தேன். அடடா, என்ன அழகான சுருள்! "அம்மா, வந்து பாரேன்!" என்று கத்தினேன். அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் அது தளர்ந்து, நீண்டு, பழைய குதிரை வாலாகி என் கையில் தொங்கியது. அவள் பார்த்தது அதைத்தான்.

மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் அதே கதி. தண்ணீர் இன்னும் கொதிக்க வேண்டுமோ, இன்னும் நேரம் வைக்க வேண்டுமோ என்று நான் சூட்டையே பிடித்துக்கொண்டு தொங்கினேன். ஓரமாக உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஆயா சொன்னாள்: "ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கக் கூடாதாடா?"

பொறி தட்டியது என்பார்களே, அதுதான்! சூடு, வடிவத்தைக் கொடுப்பதில்லை. பழைய வடிவத்தை மறக்கடிக்கிறது, அவ்வளவுதான். புதிய வடிவம் உறைவது ஆறும்போது. ஆறுகிற நேரத்தில் எந்த வடிவத்தில் பிடித்து வைத்திருக்கிறோமோ, அதுதான் நிற்கும். ஹீட் ட்ரீட்மென்ட் பாடத்தில் சூடேற்றுவதை ஒரே வரியில் முடித்துவிட்டு, ஆறவைப்பதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருப்பது ஏன் என்று அன்றுதான் விளங்கியது. ஒரே எஃகைச் சூடேற்றி, உலைக்குள்ளேயே மெல்ல ஆறவிட்டால் மிருதுவாகும். தண்ணீரில் முக்கினால் கடினமாகும். சூடு ஒன்றுதான், ஆறுகிற விதம்தான் வேறு.

நைலானுக்கு இன்னொரு குணமும் உண்டு. அது கொஞ்சம் தண்ணீரைக் குடிக்கும். குடித்த தண்ணீர் உள்ளே இருக்கிற வரை அது இளகியே இருக்கும். அதனால் சூடு ஆறினால் மட்டும் போதாது, ஈரமும் காய வேண்டும். சுற்றிய கட்டின் உள்பக்கம் காய நேரமாகும். ஆகவே ஒரு ராத்திரி முழுக்க ஃபேனுக்கு அடியில் விட்டேன். காலையில் அவிழ்த்தேன். சுருள் நின்றது. சாயங்காலமும் நின்றது. மறுநாளும் நின்றது. அம்மா அதை இழுத்து விட்டாள். "டொய்ங்" என்று திரும்பி வந்தது. காய்ச்சலுக்கப்புறம் அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

பிறகு முழுச் சவுரி. நாளைக்கு உங்கள் அம்மாவுக்கோ அக்காவுக்கோ உதவலாம் என்பதால் முறையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் நுனியிலிருந்து மேல்நோக்கி, அகலப் பல் சீப்பால் சிக்கெடுக்க வேண்டும். மேலிருந்து இழுத்தால் சிக்கு இறுகும். தண்ணீரில் ஒரு சொட்டு ஷாம்பு விட்டு அலசலாம், கசக்கக் கூடாது. மெல்லிய கொத்துகளாகப் பிரித்து, நுனியைக் காகிதத்தில் மடித்துப் பிடித்து, நுனியிலிருந்து சுற்ற வேண்டும். காகிதம் இல்லாவிட்டால் நுனி தூண்டில் முள் மாதிரி மடங்கிவிடும். ரப்பர் பேண்டு போட்டால் தடம் விழும், நூல்தான் நல்லது. குழாய்க்கு பதிலாக வயரிங் பைப் துண்டைப் போடாதீர்கள். நான் போட்டேன். வெந்நீரில் பைப்பும் சேர்ந்து வளைந்தது! வெந்நீர்ப் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கி வைத்த பிறகே முக்க வேண்டும். செயற்கை முடியும் எரிகிற அடுப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கக் கூடாது. இது சமையல் செய்யும்போது சவுரி வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான். பாலியஸ்டர், மோடாக்ரிலிக் என்று நார் மாறினால் சூட்டின் அளவும் மாறும். எதுவானாலும் வெட்டிய ஓரத்தில் நாலு இழையைச் சோதித்துவிட்டு இறங்குங்கள்.

சுருள் வந்தது, ஆனால் ஒரு குறை. எல்லாச் சுருளும் ஒரே அளவாக, பொம்மை முடி மாதிரி இருந்தது. அம்மாவின் முடியை மறுபடி உற்றுப் பார்த்தேன். வேர்ப்பக்கம் வெறும் அலை, நுனிப்பக்கம் வளையம். ஒரு கொத்துக்கும் அடுத்த கொத்துக்கும் அளவு கொஞ்சம் வித்தியாசம். ஆகவே சில கொத்துகளை 10, 12 மில்லிமீட்டர் குழாய்களில் திரும்பச் சுற்றினேன். மேல் பாதியைச் சுற்றாமல் பின்னிப்போட்டு முக்கியதில் அலை வந்தது. சீப்பைத் தொடாமல் விரலாலேயே பிரித்தேன். பளபளப்பைக் குறைக்க முகப் பவுடரை லேசாகத் தூவி உதறினேன். கம்பெனிகளில் இதே வேலைக்கு டைட்டானியம் டை ஆக்சைடு தூளை நாரோடு கலக்கிறார்கள். தேங்காயெண்ணெய் மட்டும் கூடாது. நைலான் எண்ணெயைக் குடிக்காது. மேலே பிசுக்காக நின்று தூசியைத்தான் சேர்க்கும். நம் ரோட்டுக் கன்டெய்னர் லாரிகளின் புழுதிக்குச் சொல்லவா வேண்டும்!

இந்த வேலையில் கை சுட்டுக்கொண்டவன் நான் ஒருவனல்ல என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 1905-இல் லண்டனில் கார்ல் நெஸ்லர் என்ற ஜெர்மானியர் நிஜ முடியை நிரந்தரமாகச் சுருட்டும் முறையைக் காட்டினார். அதற்கு முன் தம் மனைவியின் தலையில் செய்து பார்த்தபோது முடி கருகித் தோலும் வெந்ததாம். நல்லவேளை, நான் சவுரியோடு நிறுத்தினேன்.

வளைகாப்பு நாள். அம்மா சவுரி வைத்துப் பின்னி, பூ வைத்து, தலையில் முந்தானை இல்லாமல் தெருவில் இறங்கினாள். 2021-இல் எங்கள் ஊர் வரை வந்த மெட்ரோவில் ஏறினோம். சுரங்கத்துக்குள் போனதும் ஜன்னல் கண்ணாடியாகிவிடும் அல்லவா? அம்மா தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். நான் பார்க்காதது மாதிரி இருந்தேன்.

மத்தியானம் வரைக்கும் யாருக்கும் தெரியவில்லை. அப்புறம் கூட்டம், வியர்வை, கடல் காத்து. அம்மாவின் சொந்த முடி வழக்கம்போல ஈரத்தைக் குடித்து உப்பிக்கொண்டது. நிஜ முடியில் ஈரம் பட்டால் அவிழ்ந்து, காய்ந்தால் கூடுகிற சின்னப் பிணைப்புகள் ஏராளம். அதனால் காற்றுக்குக் காற்று அது மாறும். சவுரி அதே அளவுக்கு மாறவில்லை. மேலே உப்பல், கீழே ஒழுங்கான சுருள். சேர்ந்த இடம் பளிச்சென்று தெரிந்தது. இதை நான் கணக்கில் எடுக்கவே இல்லை!

பந்தியில் ஓர் அத்தை உரக்கவே கேட்டுவிட்டார். "ஏண்டி சுருட்டை, இது உன் முடிதானா?"

எனக்குச் சோறு தொண்டையில் நின்றது. இலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா பின்னலை முன்னால் எடுத்துப் போட்டாள். "மேல இருக்கிறது என்னுது. கீழ இருக்கிறது சவுரி. என் பையன் சுருட்டிக் குடுத்தான். வெந்நீர்ல போட்டு, ராப்பூரா காய வெச்சி... இழுத்துப் பாரு, நிக்குதா இல்லையா!" அத்தை இழுத்தார். டொய்ங்! பந்தியே சிரித்தது. அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். சாப்பிட்டு எழுவதற்குள் இரண்டு பேர் என்னிடம் வந்து, "தம்பி, எனக்கும் ஒண்ணு பண்ணித் தர்றியா?" என்று காதில் கேட்டார்கள். ஒருவர் பிரசவத்துக்குப் பின் முடி கொட்டியவர். இன்னொருவர் காரணம் சொல்லவில்லை; நானும் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது எனக்குப் பள்ளித் தமிழய்யா நடத்திய 969-ஆவது குறள் ஞாபகம் வந்தது. முடி போனால் உயிரையும் விடுமாம் கவரிமா. மானம் போனால் அப்படி உயிர் விடுகிறவர்களும் உண்டு என்று சொல்கிற குறள். கவரி என்கிற சொல்லுக்கும் நம் சவுரிக்கும் உறவு உண்டென்று அவர் சொல்வார். அம்மாவிடம் சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "வள்ளுவர் பெரியவரு. ஆனா முடி போச்சுன்னு செத்தா, உனக்கு யாருடா சோறாக்கிப் போடுறது? அந்தக் கவரிக்கு ஒரு சவுரி வாங்கிக் குடுத்திருக்கலாம்."

இப்போது அம்மாவுக்கு முடி திரும்ப வளர்ந்துவிட்டது. டாக்டர் சொன்னபடியே கிட்டத்தட்ட ஒரு வருடமாயிற்று. சவுரி ஒரு துணிப்பையில், மடிக்காமல் தளர்வாகச் சுற்றி, அலமாரியில் இருக்கிறது. சுருள் இன்னும் நிற்கிறது.

நண்பர்களே, இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது மூன்றாம் ஆண்டுக்காரர்களான நாங்கள் கடைசி செமஸ்டர் எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருப்போம். அரியர், இன்டர்வியூ, அப்ரன்டிஸ் என்று மூன்று வருடமாக நன்றாகவே வெந்துவிட்டோம். வெளியே எடுத்ததும் என்ன ஆனோம் என்று அவிழ்த்துப் பார்க்கிற அவசரம் எல்லோருக்கும் இருக்கிறது. எங்கள் ஆயா சொன்னதைத்தான் நானும் சொல்ல முடியும்.

ஆக்கப் பொறுத்தோம். ஆறவும் பொறுப்போம்!